பொறுமைப் பிரேக்

குவாரியில் கல் அள்ளும் ஒரு லோடர் வண்டி நகரமாட்டேன் என்கிறது என்று சொல்லித்தான் மெக்கானிக் எமல்டாவைத் தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் லோடருக்கு முன்னால் குளத்துக்கரையில் ஓர் ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரியின் பம்பரில் ஒரு மனிதனைக் கட்டிப்போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். போனில் பேசியவன் இதில் ஒன்றையாவது சொன்னானா? "பார்க்கிங் பிரேக் விட மாட்டேங்குது மேடம், சின்ன வேலைதான்" என்றான். சின்ன வேலையாம்.

அடித்தவன் பெயர் சொரிமுத்து. கையில் பழைய ஹைட்ராலிக் ஓஸ் துண்டு, உள்ளே கம்பி பின்னிய ரப்பர் குழாய். அது விழுந்த இடத்தில் தோல் உரிந்து வந்தது. சொரிமுத்துவுக்கு வியர்க்கவில்லை. அவன் கத்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. துணி துவைக்கிறவனைப் போல ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவன் கொம்பையா, அந்த லோடரின் ஆபரேட்டர். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

எமல்டாவின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் சின்ன விளக்கு சிவப்பாக மாறியது.

குவாரி முதலாளி திரவியம் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். ஏ.சி. காற்று வெளியே வந்தது.

"வாங்க மேடம். நேரா விஷயத்துக்கு வாரேன். இந்தக் கரையை வெட்டி ரோடு போடணும். கோர்ட்ல ஆர்டர் வாங்கியாச்சு. நேத்திலேர்ந்து இவன் ஏறி உக்காந்தா வண்டி நகரமாட்டேங்குது. கோளாறு வண்டியிலயா, இவன்கிட்டயா? வண்டியிலன்னா உங்க கம்பெனி பாடு. இவன்கிட்டன்னா இன்னைக்கு இவன் கதை முடிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"முதல்ல அடிக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. இல்லைன்னா நான் டூல் பாக்ஸையே திறக்க மாட்டேன்."

திரவியம் விரலை அசைத்தார். சொரிமுத்து உடனே நிறுத்திவிட்டு, ஓஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இளநீர் வெட்டிக் குடிக்கப் போனான்.

"இந்தப் பிரேக்கு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் எமல்டா.

"அது தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடுதேன்?"

"உள்ள ஸ்பிரிங் இருக்கு. அது எப்பவும் சக்கரத்தைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். எண்ணெய் அழுத்தம் போய் நெருக்குனாத்தான் அந்தக் கடி விடும். அழுத்தம் நின்னா திரும்பக் கடிச்சிரும். இது எங்க தாத்தா காலத்து முறை. புதுசு என்னன்னா, எண்ணெயைத் திறந்துவிடுறது இப்ப டிரைவரோட நாடி. ஸ்டீயரிங்கும் சீட்டும் நாடி, வேர்வை, மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கு. மனசு கொதிச்சா சிவப்பு, வண்டி நிக்கும். அமைதியா இருந்தா பச்சை, வண்டி ஓடும்."

"பொறுமைப் பிரேக்குன்னு பயலுக சொல்லுதானுவளே, அது இதுதானா? எதுக்கும்மா இந்த எழவு?"

"கூலித் தகராறுல ஒருத்தன் வெறி வந்து சாப்பாட்டுக் கொட்டகை மேல லோடரை ஏத்துனான்லா? அதுக்கப்புறம் வந்த சட்டம். கோபக்காரன் கையில வண்டி போகக் கூடாதுன்னு."

"பிடுங்கி எறிஞ்சிட்டா?"

"சீல் வெச்சிருக்கு. பிடுங்கினா எஞ்சினே ஸ்டார்ட் ஆகாது."

திரவியம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

எமல்டாவின் பட்டையிலும் அதே கருவிதான் இருந்தது. வண்டியின் கணக்குச் சரியா என்று ஒத்துப் பார்க்க அதைக் கட்டிக்கொண்டு வருவாள். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பிரேக்கை அவள் சாமி மாதிரி நம்பினாள். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வாள்.

லோடர் சரிவில் குளத்தைப் பார்த்து நின்றது. ஆள் உயரச் சக்கரங்கள். முன் பக்கெட்டில் பெரிய பாறை ஒன்று, அரை உயரத்துக்குத் தூக்கியபடி இருந்தது. அடியில் நுழையப் போனவளைக் கொம்பையாவின் குரல் தடுத்தது. வாயில் ரத்தம். பேச்சு குழறியது.

"எக்கா, கல்லு போடாம உள்ள போவாதிய. நான் போட்டிருந்ததை எடுத்துட்டானுவ."

"பிரேக் பிடிச்சிருக்குல்லா?"

"பிரேக் எந்திரம்தானக்கா. கல்லு கல்லு. இங்கத்த முறை ஒண்ணு இருக்கு. கல்லைப் போட்ட ஆள்தான் எடுக்கணும். எடுக்கும்போது மூணு தடவை சத்தம் குடுக்கணும், 'கல்லு எடுக்கேன்'னு. சத்தம் வராம கல்லு எடுக்க மாட்டாவன்னுதான் எல்லாரும் வண்டிக்குப் பக்கத்துலயே தூங்குவாவ."

அவன் மனசுக்காக ஒரு கல்லை உருட்டி இடது பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். முறையைக் கேட்டுக்கொண்டாள். பழைய ஆட்கள் சொல்லும் பழைய முறைகளைக் காதில் வாங்குவது போலத்தான் கேட்டாள், பாவி.

அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உச்சிமாளி என்று பெயர் சொன்னாள். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை இறுக்கி அள்ளிச் செருகியிருந்தாள்.

"குடிங்க தாயி. நீங்க யாரு பக்கம்னு எனக்குத் தெரியாது. தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எமல்டா குடித்தாள். "எத்தனை நாளா உக்காந்திருக்கிய?"

"வண்டி வந்ததிலேர்ந்து. கரையை வெட்டுனா குளம் செத்துச்சு. அப்புறம் நாங்க எதைக் குடிக்க? அந்தா கெடக்கானே கொம்பையா, அவன் நேத்து ஏறி உக்காந்தான். எங்களைப் பாத்தான். வண்டி நகரல. இறங்கி வந்து சின்னப்புள்ள மாதிரி அழுதான். அதுக்குத்தான் இந்த அடி." உச்சிமாளி முன்னால் போய், பக்கெட்டின் நிழலில், வலது சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"அங்க உக்காராதிய. ஆபத்து."

"கல்லு கெடக்குல்லா? எடுத்தா சத்தம் வரும், எந்திரிச்சுக்கிடுவேன். வெயிலு மண்டையைப் பொளக்கு."

எமல்டா பிரேக் எண்ணெய்க் குழாயில் ஒரு சோதனை ஓஸை மாட்டி, அதை வெளியே இழுத்து, கேபின் ஏணியின் கம்பியில் கட்டினாள். அதன் முனையில் அழுத்தம் காட்டும் மீட்டரும், எண்ணெயை வெளியே விட ஒரு திருகும் இருந்தன. எஞ்சினைப் போட்டுப் பார்த்தாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். பம்ப் சரி. வால்வு சரி. ஒயர் சரி. அவள் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது வண்டியும் சிவப்பு காட்டியது, அவள் கைப்பட்டையும் சிவப்பு காட்டியது. இரண்டும் ஒத்துப்போயின. கொம்பையா ஏறிய ஒவ்வொரு தடவையும் சிவப்பு என்று வண்டியின் நினைவில் இருந்தது.

வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது, வண்டி நின்றது. அவ்வளவுதான்.

இதைப் போய்த் திரவியத்திடம் சொன்னால் கொம்பையா பிணம். சொல்லாவிட்டால்? வால்வில் தூசி என்று புளுகலாம். மறுபடி அவனையே ஏற்றுவார்கள், மறுபடி சிவப்பு வரும், புளுகு ஒரு நிமிஷம்கூட நிற்காது. எமல்டா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். மெக்கானிக் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தின்மேல் சந்தேகமோ அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் வண்டி ஓடாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். இங்கே சந்தேகப்பட்ட பாகம் ஒரு மனிதன்.

சொரிமுத்து இளநீர்க் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தான். அவளுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. ஒரு மனிதனை இந்த அடி அடித்தவனுக்கு ரத்தம் கொதித்துக்கொண்டு இருக்காதா? இவன் உட்கார்ந்தால் சிவப்புதான் வரும். யார் ஏறினாலும் சிவப்பு என்றால் கோளாறு வண்டியில். கொம்பையா தப்பித்தான். தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே உள்ளூர மெச்சிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, சென்சார் மேல சந்தேகம் இருக்கு. வேற ஆள் ஏறிப் பாக்கட்டும். அவருக்கும் சிவப்புன்னா வண்டியிலதான் கோளாறு. அப்ப கொம்பையாவை அவுத்து விட்டுரணும்."

"யாரு ஏற?"

"இவரே ஏறட்டும்."

சொரிமுத்து அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "முன்னாடி ஓட்டியிருக்கேன் மேடம். கல்லை எடுங்க."

போட்டவள் அவள். எடுக்கவேண்டியவளும் அவள்தான். குனிந்து கல்லைப் புரட்டித் தள்ளினாள். சத்தம் கொடுக்கவில்லை. ஓடப்போகாத வண்டிக்கு என்ன சத்தம்? பக்கெட் நிழலில் இருந்தவளை அந்த நேரத்தில் அவள் மறந்தே போனாள். பம்பரில் கட்டுண்டு கிடந்த கொம்பையா மட்டும் பார்த்துவிட்டான். உடைந்த வாயால் ஏதோ கத்தினான். அதற்குள் எஞ்சின் சத்தம் அவன் சத்தத்தை விழுங்கிவிட்டது. உச்சிமாளி அசையவில்லை. காலையிலிருந்து போட்டு அணைத்துக்கொண்டிருந்த எஞ்சின்தானே.

எமல்டா இடப்பக்க ஏணியில் ஏறி மீட்டரைப் பிடித்துக்கொண்டாள். கேபின் கதவு திறந்திருந்தது. சொரிமுத்து இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தான்.

பச்சை.

மீட்டரின் முள் சரசரவென்று ஏறியது. ஸ்பிரிங் கடியை விட்டது. ஏணி அவள் காலுக்கு அடியில் அசைந்தது.

"நில்லுங்க. இது டெஸ்ட்தான்" என்றாள்.

"டெஸ்ட் பாஸ் மேடம்" என்று சொல்லி அவன் கியரைப் போட்டான்.

வலது முன்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. ஒரு சத்தம் வந்தது, அது பாதியில் நின்றது. எமல்டா கேபினுக்குக் குறுக்கே எட்டிப் பார்த்தாள். சக்கரம் சுழன்று மேலே வந்தபோது அதில் ஒரு சேலை முந்தானை சுற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு கை வந்தது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது.

அவள் ஸ்டீயரிங்கில் இருந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சிவப்பாகும். ஒரு மனுஷியைக் கொன்றுவிட்டான், இப்போது ஆகியே தீரும். பத்து வருடம் நம்பிய சாமியைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. சொரிமுத்து எச்சில் விழுங்கினான், பக்கெட்டை இன்னும் மேலே தூக்கினான், கண்ணாடியில் பட்ட ரத்தத்தை வைப்பரால் வழித்துவிட்டான். கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி என்பார்கள். அது இவன்தான். இவன் காலையில் அடித்ததை அவள் பார்த்தாளே. வியர்க்கவில்லை, கத்தவில்லை. கண் முன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு, கோபக்காரன் என்று எப்படி முடிவு கட்டினாள்? கொல்லுகிறவனுக்குக் கோபம் வந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

லோடர் சரிவில் இறங்கிக் கரைமேல் ஏறியது. ஊர் சிதறி ஓடியது. ஒருவன் கம்பை எடுத்துக்கொண்டு குறுக்கே வந்தான்; பக்கெட்டின் விளிம்பு அவன் தோளில் பட்டது, தூக்கி எறியப்பட்டுக் கல்லில் விழுந்தான். பெண்கள் குழந்தைகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு குளத்துக்குள் குதித்தார்கள். தண்ணீர் முழுக்கத் தலைகளாக இருந்தது. கரை காலியாகிவிட்டது.

எமல்டாவின் கைக்குள் அந்தத் திருகு இருந்தது.

திறந்தால் எண்ணெய் வெளியே பீய்ச்சும், அழுத்தம் போகும், ஸ்பிரிங் கடிக்கும். நாடியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். தாத்தா காலத்துப் பிரேக் அப்படியே உள்ளேதான் இருக்கிறது. முன்னால் மடை வரைக்கும் கரை அகலமாக, சமமாக இருந்தது. அங்கே ஓர் ஆள்கூட இல்லை. அங்கே திறந்தால் வண்டி சும்மா நிற்கும்.

மடைக்கு அப்பால் கரை குறுகி இடது பக்கம் திரும்பியது. திருப்பத்தின் வலது பக்கம் குவாரியின் பழைய பள்ளம், அடியில் வெறும் பாறை.

அவள் மடையைப் பார்த்தாள். திருப்பத்தைப் பார்த்தாள். சக்கரத்தில் சுற்றிய முந்தானை ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே வந்து வந்து போனது. தண்ணீர் கொடுத்த கை. மடை வந்தது. மடை போயிற்று. சொரிமுத்து திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்தான். தலைக்கு மேலே பக்கெட்டில் பாறை ஆடியது. அப்போது திருகைத் திறந்துவிட்டு அவள் குளத்துப் பக்கம் குதித்தாள்.

நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் கடிபட்டு நின்றன. தலைகனத்த வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் மேலே எழும்பியது, வலது பக்கம் சாய்ந்தது, பள்ளத்துக்குள் போயிற்று. முதலில் லோடர் விழுந்தது, அப்புறம் பாறை கேபின்மேல் விழுந்தது.

எமல்டா எழுந்து, முட்டியில் ரத்தம் ஒழுக, பள்ளத்துக்குள் இறங்கினாள். சொரிமுத்து உயிரோடு இருந்தான். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டீயரிங் அவன் கையை விட்டுப் போகவில்லை. அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு. அப்படியானால் அவனுக்கும் சிவப்பு உண்டு. தன் உயிருக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறான்.

"மேடம்" என்றான். "நீங்க வந்த வேன்ல ஜாக்கி இருக்கும்லா? வெச்சுத் தூக்குங்க."

ஜாக்கி இருந்தது. அவள் அங்கேயே நின்று விளக்கு அணைகிறவரை பார்த்தாள். பிறகு மேலே ஏறி வந்து கரையில் உட்கார்ந்தாள்.

திரவியத்தின் காரைக் காணவில்லை. குளத்திலிருந்து ஏறி வந்தவர்கள் உச்சிமாளி கிடந்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்து வந்த அழுகை கரை முழுக்கக் கேட்டது. யாரோ கொம்பையாவை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவன் காலை இழுத்து இழுத்து அவள் பக்கம் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகைதான்.

போன் அடித்தது. கம்பெனி மேலாளர்.

"எமல்டா, நீங்க பத்திரமா இருக்கீங்களா? வண்டியிலேர்ந்தும் உங்க பட்டையிலேர்ந்தும் எல்லாக் கணக்கும் இங்க வந்திருச்சு. டிரைவருக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் பச்சை. சென்சார் தப்போன்னு பயந்துட்டோம். உங்க பட்டையோட ஒத்துப் பாத்தோம். காலையிலேர்ந்து உங்களுக்குச் சிவப்பு, வண்டி கரை மேல ஏறினதும் பச்சை. கடைசி வரைக்கும் பச்சை. அந்த நேரத்துல எப்படிம்மா இவ்ளோ அமைதியா இருந்தீங்க? நீங்க நிதானமா திருகைத் திறந்ததாலதான் ஒரு ஊரே பிழைச்சிருக்கு. பிரேக்குல கோளாறு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"பிரேக்குல கோளாறு இல்லை சார்" என்றாள் எமல்டா.

போனை வைத்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினாள். இப்போதும் பச்சைதான். கண்ணைத் துடைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனாள். துடைக்க ஒன்றும் இல்லை. அவளுக்குத் தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குக்கூட விளக்கு மாறவில்லை.

கொம்பையா மேலாளர் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வண்டி ஓட்டுகிறவன் அவன். எந்த இடத்தில் நிறுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்தினால் கவிழும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மடையைப் பார்த்தான், திருப்பத்தைப் பார்த்தான்.

"மடைக்கிட்டயே திறந்திருக்கலாம்லா எக்கா?"

"ஆமா."

"ஆளு யாரும் இல்லைலா?"

"இல்லை."

அவன் அவளுடைய பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சிரமப்பட்டு எழுந்து, கரையோரம் கிடந்த கல் ஒன்றை நல்ல கையால் உருட்டிக்கொண்டு வந்து, அவள் பாதத்துக்கு முன்னால் அண்டை கொடுத்து வைத்தான். கோபமாக வைக்கவில்லை. சரிவில் நிற்கிற வண்டிக்கு வைப்பது போலத்தான் வைத்தான்.

"நான் போட்டது எக்கா. நான் எடுக்குற வரைக்கும் எந்திரிக்காதிய" என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.